கண்காணிப்பாளர் ஏழு

திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்தது.

‘உங்கள் அறையில் மற்றொரு நபர் உள்ளார். உடனடியாக வெளியேற்றவும். – கண்காணிப்பாளர் 7.’

மாசாணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கட்டில், பீரோ, மடிக்காத துணி. சுவரில் மாமனார் சந்தன மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

“ஏனுங்க,” என்றாள்.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்த கணவன் கிருபாசங்கர் தலையை நீட்டினான்.

“உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போங்க.”

“எதுக்கு?”

“வெளிய அனுப்பச் சொல்லுது. எனக்குச் சொல்லிக் குடுக்கறாராமா.”

கிருபாசங்கர் படத்தைப் பார்த்தான். “எங்கப்பா அஞ்சாவதுதான் அம்மணி.”

“தூக்குங்கன்னா தூக்குங்க.”

கேமராவில் விழுந்துவிடக் கூடாதென்று அவன் தவழ்ந்து வந்தான். கட்டில்மேல் ஏறாமல் கையை மட்டும் உயர்த்தி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினான். மாலை அறுந்து மணிகள் தரையில் உருண்டன. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவழ்ந்தே வெளியேறினான். கூடத்துச் சோபாவில் அப்பாவைக் குப்புறப் போடும் சத்தம் கேட்டது.

‘எச்சரிக்கை 1 பதிவு செய்யப்பட்டது.’

மூன்று எச்சரிக்கை ஆனால் தேர்வை ரத்து செய்யும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு உண்டு. காலையில் விதிகளைப் படித்து, ‘படித்தேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். மொத்தம் அறுபது கேள்விகள், பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. கரிம வேதியியலும் உயிர்வேதியியலும், அறிமுக நிலை. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். இது கடைசி வாய்ப்பு.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவளுக்குப் பதினான்கு வருடம். உதவியாளராகச் சேர்ந்தாள். மிஷினைக் கழுவுவதில் தொடங்கி, மிஷினை ஓட்டுவதுவரை பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடிப்பாள். போன வருடம் சான்றிதழோடு வந்த மிதுன் மூன்று முறை குத்திவிட்டு, நோயாளி கத்திய பிறகு, “அக்கா, கொஞ்சம் வாங்களேன்” என்பான். இப்போது புது விதி. சான்றிதழ் இல்லாதவர்கள் மிஷினைத் தொடக்கூடாது. இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் மாசாணியம்மாள் படுக்கை விரிப்பு மடிக்கப் போக வேண்டும். மிதுன் குத்துவான். அவள் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குக் காது சுடும். ஆறு மாதமாகச் சுட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பஸ்ஸில் போனைக் காதில் மாட்டிப் பாடம் கேட்டாள். ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர். வெண்டைக்காய் நறுக்கும்போது அமினோ அமிலம் இருபதையும் ஒப்பித்தாள். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, இதைத் தெரிந்துகொண்டால்தான் நீ ஊசி போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

இப்போதைக்குக் கையில் கிடைத்தவன் கண்காணிப்பாளர் ஏழு. அவனுக்கு முகம் இல்லை, குரலும் இல்லை. எழுத்து மட்டும் வரும். ஆண் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஏசி அறை, கண்ணாடி, தொந்தி. டெல்லிப் பக்கமாக இருக்கலாம்.

பதினான்காவது கேள்வி. ஒரு மூலக்கூற்றின் படம், அதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமா, பொருந்தாதா.

இது அவளுக்குத் தெரியும். பாடம் எடுத்த டீச்சரம்மா வீடியோவில் சொன்னது அப்படியே நினைவிருந்தது: உங்கள் இரண்டு கையையும் பாருங்கள், ஒன்று மற்றதன் பிம்பம், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கட்டைவிரல் எதிரெதிர்ப் பக்கம் போகும். மாசாணியம்மாள் மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்துக் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்தாள். திருப்பினாள்.

‘நீங்கள் திரைக்குக் கீழே உள்ள பொருளைப் பார்க்கிறீர்கள். எச்சரிக்கை 2.’

“பொருளா?” என்றாள் மைக்கைப் பார்த்து. “அது என்ற கை.”

‘கைகளைக் கேமராவில் காட்டவும்.’

காட்டினாள். உள்ளங்கை, புறங்கை. ஊசி பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள். அவற்றில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

‘நன்றி. இனி கைகளைப் பார்க்க வேண்டாம்.’

“கையைப் பாக்காம இந்தக் கணக்கை எப்படிப் போடறது? அங்க உக்காந்திருக்கறயே, உனக்குத் தெரியுமா?”

மாசாணியம்மாள் வாழ்க்கையில் ஒருவரிடமும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. ஊசி குத்தும்போது கையை உதறும் நோயாளியைக்கூட, “கொஞ்சம் சும்மா இருங்க சாமி” என்பாள். இந்த ஏழாம் நம்பரைத்தான் முதன்முதலாக ‘நீ’ என்றாள். நன்றாக இருந்தது.

பத்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

“திறக்காதீங்க,” என்றாள் கதவைப் பார்த்து, உதடு அசையாமல்.

கிருபாசங்கர் திறக்கும் எண்ணத்தில் எழவில்லை. யாரென்று சன்னல் வழியாகப் பார்த்துச் சைகையால் அனுப்பிவிடத்தான் போனான். வாசலில் நின்றது மாசாணியம்மாளின் பெரியப்பா மகன் பொங்கியண்ணன். பக்கத்தில் அவர் மனைவி மாரியாத்தாள், கையில் தாம்பாளத்தோடு. கிருபாசங்கரின் கை தானாகத் தாழ்ப்பாளை விலக்கியது.

“வாங்க மச்சான், வாங்கக்கா,” என்றான்.

இருபத்திரண்டு வருடம் லேத்துப் பட்டறையில் இரைச்சலுக்கு மேலே பேசியவன். மெதுவாக என்றால் என்னவென்றே அவன் தொண்டைக்குத் தெரியாது.

‘அறையில் அந்நியக் குரல். எச்சரிக்கை 3. உங்கள் தேர்வின் நிலை கண்காணிப்பாளரின் முடிவுக்கு உட்பட்டது.’

மாசாணியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். கேள்வி இன்னும் திரையில் இருந்தது. அடைக்கவில்லை. ஏன் அடைக்கவில்லை என்று தெரியவில்லை. பூனை எலியை உடனே கொல்லாதில்லையா, அதுமாதிரி என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பதாவது கேள்விக்குப் பதில் அழுத்தினாள்.

கூடத்தில் பேச்சு நடந்தது. கதவு மூடியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“எங்க பொண்ணு லோகப்பிரியா கல்யாணமுங்க மாப்பிள்ளை. இதோட மூணாந்தடவை வாரோம். ரெண்டு தடவையும் அம்மணி டூட்டிக்குப் போயிருந்துச்சு. ஜோடியா இருந்தாத்தானே பத்திரிகை குடுக்க முடியும்? இன்னிக்கு ஊட்டுல இருக்கும்னு தெரிஞ்சுதான் காரமடையிலிருந்து வெள்ளன கிளம்பினோம்.”

மாசாணியம்மாள் பல்லைக் கடித்தாள். இன்று லீவு என்று கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று ஒரு வாரமாகச் சொல்லியிருந்தாள். பரீட்சை முடியட்டும், அந்த ஆளுக்கு இருக்கிறது.

“ஐயோ,” என்றாள் மாரியாத்தாள். “பெரியவரை எதுக்குங்க சோபாவுல குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க?”

“பரிச்சைங்கக்கா. அவரு பார்த்தாருன்னா காப்பி அடிக்கறதா எண்ணிக்குமாம்.”

“யாரு எண்ணிக்குவா?”

“உள்ள ஒருத்தன் பார்த்துட்டே இருக்கறான்.”

“உள்ளயா? அம்மணி கூடவா?”

“கம்ப்யூட்டருக்குள்ளங்க.”

மாரியாத்தாள் படத்தை நிமிர்த்திச் சோபாவில் சாய்த்து உட்கார வைத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, தாம்பாளத்துக் குங்குமத்திலிருந்து ஒரு பொட்டும் வைத்தாள். பெரியவர் இப்போது கூடத்திலிருந்து நேராக அறைக் கதவைப் பார்த்தார்.

“பன்னெண்டு மணிக்குத்தான் முடியுமுங்க மச்சான். உக்காருங்க, காப்பி போடறேன்,” என்றான் கிருபாசங்கர்.

“பன்னெண்டுக்கு ராகுகாலம் ஆரம்பமுங்களே. மூணாந்தடவையும் பத்திரிகை திரும்பிப் போச்சுன்னா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

கிருபாசங்கர் யோசித்தான். அவன் யோசிப்பது உள்ளே இருந்தவளுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் யோசித்துச் செய்தவைதான் அவளுக்கு அதிகம் வேலை வைத்தவை.

கதவு திறந்தது.

“ரெண்டு நிமிஷம் அம்மணி. வந்து வாங்கிப்போட்டுப் போயிரு.”

“நாற்காலியை விட்டு எந்திரிச்சா அடைச்சுருவானுங்க.”

“நீ எந்திரிக்க வேண்டாம் கண்ணு,” என்றார் பொங்கியண்ணன், அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டி. “நாங்க உள்ள வாரோம்.”

வந்துவிட்டார்கள். மாரியாத்தாள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை. பொங்கியண்ணன் சன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மாசாணியம்மாளைப் பார்த்தார்.

“நீ மேக்க பார்த்து உக்காந்திருக்கறயே கண்ணு. கெழக்க பார்த்துத்தானே வாங்கோணும்.”

“அண்ணா, நான் திரும்ப முடியாதுங்கண்ணா. கேமராவுல மூஞ்சி தெரிஞ்சுட்டே இருக்கோணும்.”

“அவ்வளவுதானே,” என்றான் கிருபாசங்கர். “கேமராவையும் திருப்பிரலாம்.”

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் மேசையை லேப்டாப்போடு தூக்கிவிட்டான். பட்டறையில் மோட்டாரையே தனியாகத் தூக்குகிறவன். நாற்காலியைச் சுற்றி ஒரு அரைவட்டம் வந்து இறக்கினான். அவளும் நாற்காலியோடு தேய்ந்து திரும்பினாள். இப்போது அவள் கிழக்கே பார்த்து இருந்தாள். கேமரா மேற்கே பார்த்து இருந்தது. அதாவது அவளை, அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவை, கதவுக்கு அப்பால் கூடத்தை.

‘அறையில் ஐந்து நபர்கள் உள்ளனர்.’

நான்கு பேர்தான் இருந்தார்கள். அடுத்த வரி வந்தது.

‘முன்பு வெளியேற்றப்பட்ட நபர் திரும்பி வந்துள்ளார்.’

சோபாவில் பெரியவர் பொட்டோடு சிரித்தார்.

“சீக்கிரம் குடுங்கண்ணா,” என்றாள் மாசாணியம்மாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

கணவன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் உட்கார்ந்தபடி, அவன் நின்றபடி, இருவருமாகத் தாம்பாளத்தைத் தொட்டு வாங்கினார்கள். “குடும்பத்தோட முந்தின நாளே வந்துரோணும்,” என்றார் பொங்கியண்ணன். மாரியாத்தாள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்காக முகத்தைக் கேமராவிலிருந்து பாதி மறைத்தாள். மாசாணியம்மாள் பத்திரிகையைக் கையில் எடுத்தாள்.

‘உங்கள் கையில் அச்சிட்ட தாள் உள்ளது. அதைக் கேமராவில் காட்டவும். அனைத்துப் பக்கங்களும்.’

அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போனது. இருபத்தாறு கேள்விதான் முடிந்திருந்தது. எப்படியும் ரத்துதான். விரிப்பு மடிக்கப் போவதற்கு முன்னால் இந்த ஒருவனிடமாவது கேட்டுவிட வேண்டும்.

பத்திரிகையைக் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள்.

“பார்த்துக்க. நல்லாப் பார்த்துக்க. இது பிள்ளையாரு. இது எங்க குலதெய்வம். இது பொண்ணு பேரு. கீழ மாப்பிள்ளை பேரு. பி.இ. போட்டிருக்குது. இது மண்டபம், காரமடை. திருப்பறேன், பாரு. இது மாமன்மாருக, இது பங்காளிக. இதுல பென்சீன் எங்கயாச்சும் இருக்குதா? சொல்லு. கீட்டோன் இருக்குதா?”

“மாசாணி,” என்றான் கிருபாசங்கர்.

“நீங்க சும்மா இருங்க. ஊரெல்லாம் தண்டோரா போட்டது நீங்கதானே.” திரும்பவும் கேமராவுக்கு வந்தாள். “பதினாலு வருசமா இந்தக் கையால குத்தறேன். என்ற கையைப் பாக்காதேங்கற. செத்துப்போன மனுசனை வெளிய அனுப்புங்கற. நீ ஒரு நாள் அந்தப் படுக்கையில வந்து படு. உன்ற நரம்பு எங்க இருக்குதுன்னு சர்டிபிகேட் வெச்சிருக்கறவன் தேடட்டும். அப்பத் தெரியும் உனக்கு.”

“நல்லாக் கேளு நங்கை,” என்றாள் மாரியாத்தாள். அவளும் குனிந்து கேமராவைப் பார்த்தாள். “ஏம்ப்பா, அடுத்தவிய ஊட்டை எட்டிப் பாக்கறதுக்கெல்லாம் ஒரு சம்பளமா? உன்னைப் பெத்தவ இதைக் கேக்க மாட்டாளா? என்ன வளர்ப்போ.”

“விடு புள்ள,” என்றார் பொங்கியண்ணன். “அவனைப் பெத்தவங்களைச் சொல்லோணும்.”

“பத்திரிகை பார்த்தாச்சல்ல?” என்றாள் மாசாணியம்மாள். “அப்படீன்னா உன்னையும் அழைச்ச மாதிரிதான். கல்யாணத்துக்கு வா. உங்கப்பன் ஆத்தாளையும் கூட்டிட்டு வா. நல்லாத் தின்னுபோட்டு, அப்பறமா என்ற பரிச்சையை ரத்து பண்ணு.”

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஏழு ஏதோ தட்டுகிறான் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

‘சரி. மற்றவர்கள் வெளியே செல்லவும். தேர்வைத் தொடரவும்.’

“பயந்துட்டான்,” என்றார் பொங்கியண்ணன்.

மாசாணியம்மாள் நம்பவில்லை. கடைசிவரை எழுதவிட்டுப் பிறகு கழுத்தை அறுப்பான். இருக்கட்டும். மூவரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இருபத்தேழாவது கேள்வியைத் திறந்தாள்.

கோபத்தில் அவளுக்குக் கை வேகமாக ஓடும். மையத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்றும் ஓடியது. உடலில் யூரியா உருவாகும் உறுப்பு எது? சிறுநீரகம் என்று மிதுன் எழுதுவான். அவள் கல்லீரலை அழுத்தினாள். கிரியாட்டினின் எதிலிருந்து வருகிறது? தினமும் அந்த எண்ணைப் பார்த்து யாருக்கு என்ன என்று சொல்கிறவளைக் கேட்கிறார்கள். பென்சீன் வளையத்தில் கார்பன் எத்தனை? ஆறு. வைத்துக்கொள். புரதம் பிரிந்தால் என்ன வரும்? இருபதையும் சொல்லட்டுமா? இன்னொரு கைக் கேள்வி வந்தது. கையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, விரலால் நரம்பு தேடுவதுபோல மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். பொருந்தாது. அழுத்தினாள்.

பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது அறுபதும் முடிந்தது. ‘சமர்ப்பிக்க’ என்பதைக் குத்தினாள்.

‘மதிப்பெண்: 71/100. நிலை: கண்காணிப்பாளரின் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

கதவைத் திறந்தாள். யாரும் போகவில்லை. காப்பி டம்ளர்கள் காலியாக இருந்தன. பெரியவருக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தார்கள்.

“என்னாச்சு கண்ணு?” என்றார் பொங்கியண்ணன்.

“எழுபத்தொண்ணுங்கண்ணா.”

“அடேங்கப்பா.”

“அவன் விட்டாத்தானுங்க அது எழுபத்தொண்ணு. இல்லீன்னா முட்டை.” கணவன் பக்கம் திரும்பினாள். ஒன்றரை மணி நேரமாக அடக்கி வைத்தது. “இன்னிக்கு நான் ஊட்டுல இருக்கறேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேனுங்க?”

“நான் சொல்லலை அம்மணி.”

“நீங்க சொல்லாம அண்ணனுக்கு எப்படித் தெரியும்? பல்லி வந்து சொல்லுச்சுங்களா?”

“சத்தியமா நானில்லை.”

பொங்கியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே லேப்டாப் டிங் என்றது. நால்வரும் அறைக்குள் ஓடினார்கள். திரையில் பச்சைப் பெட்டி.

‘தேர்ச்சி. ஒப்புதல் அளிக்கப்பட்டது. குறிப்பு: மாணவியின் கையில் இருந்த தாளில் பாடம் தொடர்பான எதுவும் இல்லை. – கண்காணிப்பாளர் 7.’

மாசாணியம்மாள் மூன்று முறை படித்தாள். காது சுடுவது நின்றுவிட்டிருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டு மணி நேரத்தில் முதன்முதலாக ஏழு வாயைத் திறந்தது. பெண் குரல், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல்.

“என்ற கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வாரேனுங்கத்தை, பரிச்சை பன்னெண்டுக்கு முடியுது, அதுக்கு மேல போங்கன்னு சொன்னா பத்தரைக்கே வந்து நிக்கற எங்கப்பனையும் ஆத்தாளையும் நீங்களே கூட்டிட்டு வந்துருங்க.”